கவிழ்த்த சிறகு

வேதாளையில் என் கொட்டகைக்கு
வயிறு கிழிந்த பைபர் வள்ளங்கள்தான் வரும்.
வைகாசியில் ஒரு நாள் லாரியிலிருந்து இறங்கியது
ஒற்றை ஆள் உட்காரும் பந்தயக் கார்.
நாலு சக்கரமும் உடம்புக்கு வெளியே,
நண்டுக்குக் கால் போல.
ஹெரால்டு எஞ்சின். குழாய்ச் சட்டத்தின் மேல்
சுருட்டு வடிவில் ஒரு கூடு.
சோழவரத்தில் எழுபத்திரண்டில் ஓடியதாம்.

"நூத்தியிருபது தாண்டினா பின்பக்கம் மெதக்குது"
என்றார் ஜெய்லானி மரைக்காயர்.
மிதக்க வைக்கத்தானே எனக்குக் கூலி என்றேன்.
"எனக்கு அமுங்கணும், பிச்சை.
ஒரு றெக்கை செஞ்சு கொடு."

அமுங்குவதற்கு றெக்கையா?
உச்சிப்புளிக்கு மேலே பருந்து
சிறகடிக்காமல் நிற்பதைக் கையால் காட்டினார்.
பிறகு கையைத் திருப்பினார்.
மேடு கீழே, பள்ளம் மேலே.
தூக்குகிற காற்று இப்போது மிதிக்கும்.

அச்சுக்குப் பழைய சுக்கான் பலகை ஒன்றை எடுத்தேன்.
தண்ணீரை அறுத்த பலகைக்குக்
காற்றை அறுக்கத் தெரியாதா.
ஒரு பக்கம் மட்டும் பட்டி வைத்து உப்ப வைத்தேன்.
சவேரியாள் நார்ப்பாய் வெட்டினாள், ஆறு அடுக்கு.
ஈரக்காற்றில் ரெசின் இறுக மறுத்தது,
இரண்டு ராத்திரி
குண்டு பல்பு போட்டுக் காவல் கிடந்தோம்.

வாலிநோக்கம் உப்பளத்துக்குள் வளைவில்லாத ரோடு.
மானேஜரின் தண்ணீர்த் தொட்டியை ஓசியில் ஒட்டிக் கொடுத்து
ஒரு விடியற்காலை வாங்கினோம்.
கார் உடம்பெல்லாம் சிவப்புக் கம்பளி நூல்,
விரல் நீளம், ஒவ்வொன்றின் தலையிலும் டேப்.
(ராமநாதபுரத்தில் கம்பளி நூல் கேட்டதற்குக்
கடைக்காரர் எனக்குக் காய்ச்சலா என்றார்.)
பொலேரோவின் பின்கதவைத் திறந்து வைத்து
நான் மல்லுக்கட்டி உட்கார்ந்து பார்த்தேன்.

மூக்கில் நூல்கள் படிய வாரிய தலைமயிர்.
விலாவில் கொஞ்சம் துடிப்பு.
ஓட்டுகிறவர் தலைக்குப் பின்னால்
பைத்தியம் பிடித்துச் சுற்றின,
ஆற்றுவாயில் சுழி சுற்றுகிற மாதிரி.
அந்தச் சுழிக்குள்தான்
என் றெக்கை பட்டினி கிடந்தது.

ஒன்றரை முழம் உயர்த்த வேண்டும். கால் வைக்க வேண்டும்.
பின்சட்டத் தகட்டில் நாலு புள்ளி
சாக்பீஸால் குறித்துவிட்டுப் பெயிண்டைச் சுரண்டினேன்.
மஞ்சள். அடியில் நீலம். அதற்கும் அடியில் பச்சை.
பச்சைக்குக் கீழே, என் புள்ளிகளுக்கு நேரே,
ஈயம் ஊற்றி அடைத்த நாலு துளை.

பழைய கார் அணிவகுப்புக்காரர்கள்
கடிதத்தில் கண்டிப்பாய் எழுதியிருந்தார்கள்:
பூர்வீக உருவம் மாறக் கூடாது.
மரைக்காயரிடம் இருக்கிற ஒரே போட்டோவில் றெக்கை இல்லை.
அது துளைக்கு முன்னால் எடுத்ததா,
ஈயத்துக்குப் பின்னால் எடுத்ததா?
எது பூர்வீகம் என்று யாரிடம் கேட்பது.
அடைத்தவன் கைகாரன்.
அரம் போட்ட தடம்கூட வைக்கவில்லை.

ஈயத்தை உருக்கி எடுத்தோம்.
மூன்று துளை வட்டம்.
நாலாவது நீண்டிருந்தது,
வேகத்தில் போல்ட்டைப் பிடுங்கிக்கொண்டு
ஏதோ போயிருக்கிறது.

மரைக்காயர் அதில் சுண்டுவிரலை விட்டார்,
எடுக்க மறந்தவர் போல நின்றார்.
யார் ஓட்டினது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.
"இந்த மூலைக்குக் கனத்த தகடு வை" என்றார்.
"றெக்கையில அந்த எடத்துக்கு ஆறு பாய் பத்தாது."
சவேரியாள் ஏற்கெனவே
பதினொன்று வெட்டி வைத்திருந்தாள்.

ஆனியில் கச்சான் எழுந்தது.
கொட்டகை வாசல் தென்மேற்கே பார்த்தது,
கார் மூக்கை வெளியே நீட்டி நின்றது.
எஞ்சின் ஓடவில்லை, சீட்டில் ஆள் இல்லை.
ஒரு பெரிய காற்று உள்ளே வந்து தகரத்தை உலுக்கியபோது
பின் ஸ்பிரிங் ஒரு நூல் இறங்கி
மறுபடி ஏறியது.

சவேரியாள் என்னைப் பார்த்தாள்.
நான் டீ சொல்லப் போனேன்.