ரசமட்டம்

பண்ணை லாரி ரவுண்டானாவில் திரும்பியபோது
ஒரு கூடை அவிழ்ந்து விழுந்தது.
மற்ற கோழிகள் ஈச்சமரங்களுக்குள் ஓடிவிட்டன.
இது மட்டும் விழுந்த இடத்திலேயே
இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.
வேனை நிறுத்தி இறங்கிய குல்சமீன்
அறுத்துவிடலாம் என்றுதான் தூக்கினான்.
கையில் எடை பார்த்தான்,
“இதில் என்ன இருக்கிறது, எலும்பு” என்று
என் மடியில் போட்டான்.
அன்றே பெயரும் வைத்தாயிற்று: ரவுண்டானா.

சோஹார் கேம்ப், அறை எண் பதினேழு.
எட்டுக் கட்டில்,
ஒன்பதாவதாக ஒரு மாம்பழப் பெட்டி.
கேம்ப் பாஸ் பௌலோஸ் வந்து
பிராணிகள் கூடாதென்ற தாளை விரலால் தட்டிக் காட்டினார்.
முட்டையிடுமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஒரு கண் மேலே, ஒரு கண் தரையில்.
கூரையில் எதையோ தொலைத்ததுபோல்
கழுத்து முறுக்கிக்கொள்ளும்.
குடிக்கக் குனிந்தால்
கிண்ணத்துக்குள் குப்புற விழும்.
கிண்ணத்தை எடுத்துவிட்டு
சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாக, அலகின் ஓரமாக.
மருந்துக்கடை எகிப்துக்காரர்
பி விட்டமின் தந்தார்,
குழந்தைக்கு என்ன வயது என்றார்.
தெரியாது என்றேன். உண்மைதானே.

தலையைத் திருப்பக் கூடாது. இழுக்கக் கூடாது.
தாடைக்கடியில் இரண்டு விரல் கொடுத்து
அதுவாக நேராகும்வரை இருக்க வேண்டும்.
யாரும் சொல்லித் தரவில்லை.
சுவரில் ஒட்டிய டைல்
பசை பிடிக்கும்வரை உள்ளங்கையால் தாங்குவேன்,
அந்தப் பழக்கம்.
பிறகு துண்டைச் சும்மாடாகச் சுருட்டி
நடுவில் உட்கார வைத்தால்
குடம்போல் நிற்கும்.

மாலையில் வராந்தாவில் நடை.
எத்தனை அடி என்று பந்தயம், ஒரு கேன் பெப்சி.
மூன்று. சில நாள் நான்கு.
ஐந்தென்று கட்டி மிக்கேல் தோற்பான்.
மறுநாளும் ஐந்தென்றே கட்டுவான்.

ஒரு வெள்ளிக்கிழமை, பிரியாணிக்கு வெங்காயம் உரிக்கும் நேரம்,
முட்டையிட்டது.
முட்டை உருண்டது.
கட்டிலுக்கடியில், சூட்கேஸ்களைத் தாண்டி,
செருப்புகளுக்கு நடுவே போய் நின்றது.
எடுத்துவந்து வைத்தேன்,
அதே வழியில் அதே செருப்புக்குப் போனது.
பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தேன்.
குமிழி கோட்டைத் தாண்டி
ஓரத்தில் ஒட்டிக்கொண்டது.
பதினோரு வருஷம்
யார் யார் வீட்டுக் கூடத்துக்கோ மட்டம் பிடித்தவன்
சரிந்த தரையில் படுத்திருக்கிறேன்.
“அப்போ கோழிமேல் குற்றமில்லை”
என்று மிக்கேல் தீர்ப்புச் சொன்னான்.

சைட்டில் மிஞ்சிய நான்கு டைல்,
அரைச் சட்டி கலவை.
என் கட்டிலருகே ஒரு சின்ன மேடை எழும்பியது.
குமிழி இரண்டு கோட்டுக்கும் நடுவில்
அசையாமல் நின்றது.
ரவுண்டானாவை இறக்கினேன்.
அன்று யாரும் பந்தயம் கட்டவில்லை.

இரண்டாவது அடியில் விழுந்தது.

“பளபளவென்று போட்டால் வழுக்காதா, டைல்காரா?”
குல்சமீன் அரிசிச் சாக்கைக் கிழித்து விரித்தான்.
சாக்கின்மேலும் விழுந்தது,
கொஞ்சம் மெதுவாக.

போன மாதம் எனக்கு மூன்று நாள் நைட் டியூட்டி.
விடிகாலையில் சிமென்ட் தலையோடு வருகிறேன்,
விளக்கு எரிகிறது.
குல்சமீன் தரையில் குப்புறப் படுத்திருக்கிறான்,
மேடையில் கன்னம்,
கோழியின் தாடைக்கடியில்
கிரீஸ் போகாத இரண்டு விரல்.
தூங்கிவிட்டான் என்று தோளைத் தொட்டேன்.
கண் திறக்காமல் சொன்னான்:
“பேசாதே.
வந்துகொண்டிருக்கிறது.”