நூறு நிமிடம்

மாதம் நூறு நிமிடம் என் திட்டம்.
வருகிற அழைப்பும் அதில்தான் கழியும்.
ஆராவது எடுத்தால்
நான் முதலில் பார்ப்பது பெயரை அல்ல,
திகதியை.
இருபதுக்குப் பிறகு
என் தங்கச்சிக்குக்கூட நான் ஊமை.

தை மாதம் ஒரு கடிதம் வந்தது.
குறைந்த வருமானக்காரருக்கான இணையச் சலுகை
மாசியோடு நிற்குமாம்.
"உங்கள் விசுவாசத்துக்கு நன்றி"
என்று கடைசி வரி.
வேறு வழி இல்லாததற்கு
இப்படியும் ஒரு பெயர் இருப்பது
அன்றைக்குத்தான் தெரியும்.

பங்குனி முதலாம் திகதி நின்றது.
கேட்போம் என்று எடுத்தேன்.
ஒன்றை அமத்து, நாலை அமத்து,
பிறகு சங்கீதம்.
பியானோ மாதிரி ஒன்று.
பதினோராவது சுரத்தில் கொஞ்சம் இடறும்,
திரும்பவும் முதலிலிருந்து.
நடுவில் ஒரு பெண் குரல்:
உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்.
அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தது.
நான் அசையவில்லை.
அசைந்தால் பேஸ்மென்டில் சிக்னல் போய்விடும்;
ஜன்னலுக்குக் கீழே, ட்ரையருக்கு மேல் ஏறிக்
குந்தியிருந்துதான்
நான் உலகத்தோடு கதைப்பது.

நாற்பத்தேழு நிமிடம்.
பிறகு ஒரு பெடியன், நல்ல பெடியன்தான்,
சொன்னான்:
"மேடம், இதையெல்லாம்
இணையத்திலேயே செய்யலாமே."

அதற்குப் பிறகு ஸ்காபரோ எனக்கு
வேறொரு வரைபடம்.
லாரன்ஸ் வீதி டோனட் கடை:
ஒரு சின்னக் கோப்பிக்கு இருபது நிமிடம்,
அதற்கு மேல் மேசை துடைக்க வருவார்கள்.
உடுப்புத் தோய்க்கிற கடை:
கடவுச்சொல் போன வருடத்தையது, இன்னும் திறக்கும்.
நூலகத்தின் பின்சுவர்,
குப்பைத் தொட்டிக்கும் இரும்புக் கதவுக்கும் நடுவில்:
பூட்டிய பிறகும் கசியும்.
அங்கே நின்றுதான் சாருகா
கையுறையில் ஒரு விரலை வெட்டிவிட்டுக்
கணக்குப் பாடம் அனுப்புவாள்.
பக்கத்தில் ஹோடானின் மகன்.
இருவரும் கதைப்பதில்லை.
மூச்சு மட்டும் வெள்ளையாய் எழும்பி
ஒன்றாகிப் போகும்.

சித்திரையில் விசாரணை வைத்தார்கள்,
விலையைப் பற்றி.
மேசையில் ஏழு பேர், ஏழு தண்ணீர்ப் போத்தல்.
பொதுமக்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிடம்.
நாலு பக்கம் எழுதிக்கொண்டு போனேன்.
ஆங்கிலத்தை மரிட்டெஸ் திருத்தித் தந்தவள்,
இரவு வேலை முடிந்து
சப்பாத்துக்கூடக் கழற்றாமல்.
மைக்குக்கு முன்னால் தாள் நடுங்கியது.
அல்லது கை.
வாயைத் திறந்தேன்.
வந்தது அந்தச் சங்கீதம்.

முணுமுணுத்தேன்.
பதினோராவது சுரத்தில்
அது இடறுகிற மாதிரியே இடறினேன்.
ஆரோ சிரித்தார்கள்.
பிறகு சிரிக்கவில்லை.
பின்வரிசையில் ஒரு டாக்சிக்காரர்
என்னோடு சேர்ந்துகொண்டார், அவருக்கும் பாடம்.
பிறகு தள்ளுவண்டியில் பிள்ளையோடு வந்த ஒருத்தி.
ஒரு நிமிடம்.
இரண்டு.
நாலு பக்கமும் மடித்தபடி கையில்.
சிவப்பு விளக்கு மின்னத் தொடங்கியதும்
ஏழு பேரையும் பார்த்துச் சொன்னேன்:
"உங்கள் நேரம் எங்களுக்கு முக்கியம்."

தலைவர் ஏதோ குறித்துக்கொண்டார்.
என்னவென்று தெரியாது.
"முடிவு கோடையில் வரும்,
எங்கள் இணையத்தளத்தில்" என்றார்.
அவர் காதுக்கும் அது விழுந்திருக்க வேண்டும்,
தண்ணீர் குடித்தார்.

ஐம்பத்துநாலாம் இலக்க பஸ்ஸில் திரும்பி வருகையில்
டோனட் கடையடியில் சிக்னல் சிவப்பு.
அந்தக் கொஞ்சத்துக்குள்
போன் உடம்பை உதறியது:
இன்றிரவு ஆள் தேவை, வருவாயா?
மூன்று மணித்தியாலம் பழசு.

வருவேன் என்று அடித்தேன்.
பச்சை விழுந்தது.
அந்தச் சின்ன வட்டம்
சுற்றிக்கொண்டே வந்தது
மார்க்கம் வீதி வரை,
அதற்கு அப்பாலும்.