கலங்கல்

ஒன்பதரைக்கு வந்தது பை.
கிண்ணியாப் பாலம் கடந்து, முச்சக்கரவண்டியில்,
துணிக்கடை ஷொப்பிங் பேக்குக்குள்
இரண்டு லீற்றர், சூடு முழுதாய் ஆறாமல்.
பௌமியா, வயது ஐம்பத்திரண்டு.
சிறுநீரகம் கைவிட்டபின்
வயிற்றுக்குள் ஊற்றி வடித்தெடுத்த நீர்.
அரிசி களைஞ்ச தண்ணி மாதிரி என்று
சொல்லியனுப்பியிருந்தார். சரிதான்.

கலங்கலா தெளிவா என்று பார்க்க
எங்களிடம் உள்ள கருவி பத்திரிகை.
பைக்குப் பின்னால் பிடித்தேன்.
மரண அறிவித்தல் பக்கம்தான் கையில் அகப்பட்டது.
ஒரு பெயரும் தெரியவில்லை.

எண்ணினேன்.
கண்ணாடியில் கீறிய கட்டங்களுக்குள் வெள்ளையணுக்கள்.
நூறு தாண்டினாலே யோசிக்க வேண்டும்,
இங்கே ஆயிரத்து நானூறு.
நூற்றுக்கு எண்பத்தாறு, கரு மடல் மடலாய்ப் பிரிந்து
சண்டைக்கென்றே வந்தவை.
யாரோடு சண்டை என்று அவை சொல்வதில்லை.

ஊதா, அயடின், மதுசாரம், சிவப்பு.
கழுவி, எண்ணெய் விட்டு, கண் கடுக்கத் தேடினேன்.
‘எதுவும் காணப்படவில்லை’ என்று எழுதலாம்.
‘எதுவும் இல்லை’ என்று எழுதக் கூடாது.
இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுதான்
பதினேழு வருஷமாய்ச் சம்பளம் வாங்குகிறேன்.

ஐம்பது மில்லிலீற்றர் எடுத்துச் சுழற்றினேன்.
பதினைந்து நிமிடத்தில்
அடியில் நகக்கீற்றளவு படிவு.
அதைத் தட்டுகளில் தேய்த்து,
போத்தல்களுக்கும் ஊட்டி, வெப்பப் பெட்டிக்குள் வைத்தேன்.
மேலே வார்டில் மருந்து தொடங்கிவிட்டார்கள்,
ஆள் தெரியாத இருட்டில்
இரண்டு பக்கமும் சுடுவதுபோல.
எங்களுக்கு அது புதிதில்லை.

அன்றிரவு கரண்ட் போனது.
ஜெனரேற்றர் பிடிக்கும்வரை
பெட்டியின் கதவில் கை வைத்தபடி நின்றேன்.
வெளியே சுவரோரம்
மான்கள் காகிதம் மெல்லும் சத்தம்.

மூன்றாம் நாள்
இரத்தத் தட்டில் சாம்பல் துளிகள்.
பக்கத்துத் தட்டில், மக்கொங்கியில், ஒன்றுமே இல்லை.
முகரக் கூடாது என்பது சட்டம்.
மூடியைத் திறந்தால் மூக்கை எங்கே கொண்டுபோய் வைப்பது?
எலிப்பொந்து வாடை.
ஒக்சிடேஸ் தாள் கருநீலமானது.
பாஸ்ச்சுரெல்லா.
பரீட்சைக்குப் பாடமாக்கிய பெயர்,
தட்டில் காண்பது இதுதான் முதல் தடவை.
பூனையின் வாயில் குடியிருக்கும்.

“நீயே போய்க் கேள்” என்றார் டொக்டர் யசோதினி.

“ஊட்டில பூனை இரிக்கா?”
“இல்ல.”
கட்டிலருகே மகள் மின்விசிறியைப் பார்த்தாள்.
கொஞ்சம் கழித்து:
“நம்மட பூனையில்ல. மதில் பூனை.
பைய வெயிலில வெச்சுச் சூடாக்குவன்,
அதுக்கு மேல வந்து படுக்கும்.
பொறகு என்னோட அறைக்குள்ள வரும்.
கதவச் சாத்துங்க, பேன நிப்பாட்டுங்க,
ஒரு ஆளும் உள்ள வரப்படாதெண்டு சொல்லித் தந்தீங்க.
நாளைக்கு நாலு தரம், ஒவ்வொரு தரமும் அரை மணித்தியாலம்.
அது ஆளில்லயே.”

குழாயில் பல் பட்ட துளையைத் தாதி கண்டுபிடித்தார்.
ஊசிமுனைதான்.

ரிப்போர்ட்டில் பூனைக்குக் கட்டம் இல்லை.
பெயர், கட்டில் இலக்கம், கிருமி,
எந்த மருந்துக்குச் சாகும், எதற்குச் சாகாது.
அரை மணித்தியாலத்துக்கும் கட்டம் இல்லை.
கையெழுத்திட்டு மேலே அனுப்பினேன்.

வீட்டுக்குப் போன பிறகு,
பதினாறாம் நாள், இன்னொரு பை.
அணுக்கள் நாற்பத்தொன்று.
பின்னால் பத்திரிகையைப் பிடித்தேன்.
நிலாவெளியில் காணி விற்பனைக்கு,
இருபது பேர்ச், நல்ல தண்ணீர்க் கிணறு.
தொலைபேசி இலக்கத்தின் கடைசி எண்வரை வாசித்தேன்.

ஷொப்பிங் பேக்கின் முடிச்சில்
மஞ்சள் உரோமம் ஒன்று ஒட்டியிருந்தது.
வெளியேதான்.
தெளிவு என்று எழுதினேன்.