முயலுக்கு நான்கு கால்

ஐந்து மைக்ரான் தடிமனில் ஒரு மனிதர்
ஸ்லைடில் ஒட்டியிருக்கிறார்.
எண் நானூற்றுப் பதினேழு. ஆண். வயது அறுபத்தொன்று. பெருங்குடல்.
இவ்வளவு தெரிந்தால் எனக்குப் போதும் என்று
தார்த்து நகரத்து மருத்துவமனை முடிவுசெய்திருக்கிறது.

மெழுகைக் கரைத்தேன். சிட்ரேட்டில் வேகவைத்தேன்,
இருபது நிமிடம், குக்கரில்.
குக்கர்தான், பாத்திரக் கடையில் வாங்கியது.
ஊக்கு அதன் மூடியில் எழுதி ஒட்டியிருக்கிறான்:
சூப்புக்கு அல்ல.

ஒரு நிறத்துக்கு ஒரு புரதம் பதில் சொல்லும்.
எனக்கு வேண்டியவை இருபத்தெட்டு பதில்கள்.
மைக்ராஸ்கோப்பு பிரித்தறியும் நிறமோ
நான்கு, இழுத்துப் பிடித்தால் ஐந்து.
அதனால் சுற்றுகள்.
பூசு, ஊறவிடு, கழுவு, படமெடு,
பெராக்சைடில் வெளுக்கவிடு,
திரும்பவும் பூசு.
ஒரே சுவரில் ஏழு தேர்தலுக்கு
எழுதி அழித்து எழுதுகிற மாதிரி.

ஆன்டிபாடிக் குப்பிகளில்
விலங்கின் இனம் மட்டும் போட்டிருக்கும்:
முயல். எலி. ஆடு.
எந்த முயல், என்ன நிறம், யாருக்குத் தெரியும்.
அதன் இரத்தம் கற்றுக்கொண்ட ஒற்றைப் பாடம்
மைனஸ் இருபதில் உறைந்து
கூரியரில் வந்து சேர்கிறது.

வியாழன் இரவு, ஏழாம் சுற்று.
வெளியே எமாயொகி ஆறு இறுகிக் கிடந்தது.
திரையில் முதலில் நீலம், உட்கருக்கள்,
பிறகு ஆரஞ்சு,
பிறகு
ஒரே செல்லில் ஆரஞ்சும் பச்சையும்.

கூடாது. அவை இரண்டும்
ஒரு வீட்டில் குடியிருக்காத புரதங்கள்.
எண்ணினேன். நூறு, முந்நூறு, எண்ணுவதை நிறுத்தினேன்.
அந்த இரவிலேயே அதற்குப் பெயர் வைத்துவிட்டேன்;
இங்கே சொல்ல மாட்டேன், வெட்கம்.

சிக்னே சௌனாவின் வெளியறையிலிருந்து
ஈரக் கையோடு போனை எடுத்தாள்.
'கன்ட்ரோல் ஸ்லைடு?'
செய்யவில்லை.
அந்தக் குப்பியில் இருபது மைக்ரோலிட்டர்
என் அரை மாத வாடகை.
'அதற்குத்தான் ஆன்டிபாடியே வேண்டாமே,
அது இல்லாமல் செய்வதுதானே கன்ட்ரோல்' என்றாள்.
நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று
நாற்பது நிமிடம் நின்றேன்.
அவள் குளிரத் தொடங்கியதும் வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை செய்தேன்.
எல்லாச் சுற்றும் அப்படியே,
ஏழாவதில் மட்டும் ஆன்டிபாடிக்குப் பதில்
வெறும் உப்புக் கரைசல்.
இருட்டாக இருக்க வேண்டும்.

பச்சை.
அதே செல்கள், அதே ஓரங்கள்,
முன்னைவிட அழகாகக்கூட.

மூன்றாம் சுற்றிலும் ஒரு முயல் இருந்தது.
அதன் சாயம் வெளுத்தது.
முயல் போகவில்லை,
புரதத்தைக் கவ்வியபடி
விளக்கணைந்த வீட்டில் உட்கார்ந்திருந்தது.
ஏழாம் சுற்றில் நான் அனுப்பிய ஆட்டுக்குச்
சொல்லியிருந்தது ஒன்றே ஒன்று:
முயலைக் கண்டால் பிடித்து ஒளிர்.
அது பிடித்தது. ஒளிர்ந்தது.
அந்த அறையில் யாருமே பொய் சொல்லவில்லை,
படத்துக்குத் தலைப்பு எழுதிய என்னைத் தவிர.

உப்சாலா மாநாட்டுக்கு அனுப்பியதைத் திரும்பப் பெற்றேன்.
இரண்டு வரி மின்னஞ்சல்,
எழுத ஒரு பிற்பகல்.
ஊக்கு எதுவும் கேட்காமல்
எலியில் செய்த ஆன்டிபாடிக்கு ஆர்டர் போட்டு
என் மேசையில் பாதிக் கம்பு ரொட்டியை வைத்துப் போனான்.

எலி வந்தது மார்ச் மாதம்.
எண் நானூற்றுப் பதினேழின் ஒரு மூலை
கழுவும்போது பிய்ந்து மிதந்து போயிற்று,
மன்னிக்கவும், ஐயா, யாராயிருந்தாலும்.
மிச்சத்தில் வேலை செய்தேன்.
முதலில் கன்ட்ரோலைத்தான் பார்த்தேன்:
இருட்டு.
ஓர் இருட்டுக்காக நான் கைதட்டியது
அன்றுதான்.

பிறகு அசல் ஸ்லைடு.
பன்னிரண்டாயிரம் செல்களில்
இரண்டு நிறமும் சேர்ந்தவை
மூன்று.
ஊக்கு சிரித்தான். நான் சிரிக்கவில்லை.
மூன்று என்பது தூசியா, விபத்தா, செல்லா?
சிக்னேவுக்குப் படத்தை அனுப்பியிருக்கிறேன்.
கோப்பின் பெயர் வெறும் தேதி.