அன்னாசி டார்ட் டப்பாவில் ஒரு கம்ப்ரஸர்

சிம் லிம் டவர், இரண்டாம் மாடி.
எல்டிஆர் எத்தனை என்றார் கடைக்காரர்.
இரண்டு. ஒன்று நான் கெடுப்பதற்கு.
அவர் சிரிக்கவில்லை.
மூன்றாகப் போட்டு,
கோடு கோடாய் உடம்பு கொண்ட மின்தடைகளோடு
மருந்துப் பை போல மடித்துக் கொடுத்தார்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்:
நரம்பை ஓங்கி அடித்தால்
அதன் முதல் உதையை வாங்கிக்கொள்ள வேண்டும்,
தேய்ந்து போகும் வாலைக் கொஞ்சம்
தூக்கிப் பிடிக்க வேண்டும்.
உள்ளே ஒரு குட்டி எல்இடி. சத்தம் கூடினால் கூட எரியும்.
எதிரே ஓர் ஒளியுணரி. வெளிச்சம் பட்டால்
"போதும், இறங்கு" என்று சொல்லும்.
இரண்டையும் ஒரு கருப்புக் குழாய்க்குள்
முகத்தோடு முகம் வைத்து அடைக்க வேண்டும்.
குழாய் வாங்க மறந்துவிட்டேன்.
கோப்பி ஓ வாங்கிய பையில் கிடந்த உறிஞ்சுகுழல்
கருப்பாகத்தான் இருந்தது.
வெட்டினேன்.

பெட்டி, பெருநாளுக்கு ரொஹாயா கொடுத்தனுப்பிய டப்பா.
சிவப்பு மூடி, கண்ணாடி மாதிரி உடம்பு.
டார்ட் தீர்ந்து மூன்று மாதமாகிறது.
மிதித்தால் உடையும்.
முழங்கையால் அமுக்கிக்கொள்ளலாம்.

ஈசூன், ஒன்பதாம் மாடி, பன்னிரண்டு தாண்டிவிட்டது.
சமையலறை விளக்கைப் போடவில்லை.
எதிர் பிளாக்கில் ஒருவர்
என் சன்னலைப் பார்த்தபடியேதான் சிகரெட் பிடிப்பார்.
லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது மாட்டும்
நெற்றி விளக்கு போதும்.
ஈயப் புகை மூங்கில் கழிகளின் வழியே வெளியேறியது,
சுகிர்தாவின் வேலைச் சட்டையைத் தொட்டுக்கொண்டு.

நிமிர்ந்து வாசித்தால் பாடியது.
எப்படி என்று குனிந்து பார்த்தால் ஊமை.
நிமிர்ந்தால் பாட்டு.
குனிந்தால் ஊமை.
லூஸ் கனெக்‌ஷன் என்று மூன்று இடத்தில் பிரித்து
மறுபடி பற்றவைத்தேன்.
ஒரு விரல் நுனி வெந்தது.
பதினெட்டு வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறேன்.
கதவு மூடாவிட்டால் பாதி நேரம் கதவில் பழுதில்லை,
ஏதோ ஒரு கண்ணில் தூசு.
எத்தனை அறிக்கையில் எழுதியிருப்பேன் இதை.

ஒன்றே காலுக்குச் சாவி திரும்பியது.
சாங்கி கார்கோவில் ஷிஃப்ட் முடிந்து அவள்.
ஈ மைனர் நீண்டுகொண்டிருந்தது.
அப்படி ஒரு நீளம் என் விரலுக்கு
அதற்கு முன் வந்ததில்லை.
சுவிட்சைத் தட்டினாள்.
கிட்டார் செத்தது.

"நான் வந்ததும் ஏன் நிறுத்துறீங்க?"
"நான் நிறுத்தல."
"அப்ப யாரு?"
எப்போதும் நிறுத்துகிறவன்தான்.
இன்று இல்லை.

அணைத்தாள். மறுபடி தட்டினேன்.
இருட்டில் ஒரு மூச்சு தயங்கி,
மேலே ஏறி வந்தது.
போட்டாள். இறங்கியது.
அணைத்தாள்.
ஒரு காலில் செருப்போடு சுவிட்ச் பக்கத்தில் நின்று
போட்டு அணைத்து, போட்டு அணைத்து
சிரிக்கத் தொடங்கினாள்.
எதிர் பிளாக்காரர் என்ன நினைத்தாரோ.

டப்பாவைத் தாழ்வார விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தோம்.
உறிஞ்சுகுழல் கருப்பில்லை. அடர்ந்த பழுப்பு.
பாவம், எங்கள் டியூப்லைட்டைப்
பெருஞ்சத்தம் என்று நம்பியிருக்கிறது.
என் நெற்றியையும்.

அவள் கைப்பையில் நகப்பூச்சு இருந்தது. கருப்பு.
வேலையில் அனுமதி இல்லை,
பாட்டில் கழுத்துவரை அப்படியே நின்றது.
வாசலில் குந்தி உட்கார்ந்து
குழலுக்கு இரண்டு பூச்சுப் பூசினாள்.
தூரிகையில் மிஞ்சியதைத் தன் சுண்டுவிரலுக்கு.
ஊதிக்கொண்டே சொன்னாள்:
"இனிமே நான் வந்தா இதுக்குத் தெரியாது."

காய இருபது நிமிடம் ஆகுமாம்.
ஆறிய கோப்பி அரைக் கோப்பை இருந்தது.
உள்ளே போய் உட்கார்ந்தோம்.
யாரும் விளக்கைப் போடவில்லை.