எஞ்சின் இருந்த இடம்

மூன்றாவது மாதமாகப் பாதிச் சம்பளம்.
கொழிஞ்சாம்பாறைச் சந்தையில்
மத்தியைப் பொதிந்துகொண்டே
மீரான் ராவுத்தர் கேட்கிறார்:
"உங்க பிளேன் கம்பெனி பொழைக்குமா புஷ்பம்?"
ஐ.சி.யூ. வாசலில் விசாரிக்கிற குரல்.
மீன் கடனுக்குத்தான்.
கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது.

நான் உதிரிபாகக் கிடங்கின் கணக்குக்காரி.
வேலந்தாவளம் தாண்டி
தினமும் ஒரு மாநிலம் விட்டு மறு மாநிலம் போய்
எது எதிலிருந்து கழன்றது,
எது எதில் ஏறியது என்று
பச்சை அட்டை நோட்டில் எழுதுகிறேன்.
ஏழாம் நம்பர் விமானத்தின் சக்கரம் மூன்றாம் நம்பருக்கு.
மூன்றின் பம்பு ஒன்பதுக்கு.
ஒன்பதின் காப்பி மெஷின்
சேர்மன் அறைக்கு.

ஏழின் இடது எஞ்சினைக் கழற்றிய இரவு
அந்த இடத்தில் சாத்துண்ணி
கான்கிரீட் கட்டியைத் தொங்கவிட்டார்.
முன்பக்கம் கனம் குறைந்தால்
வால் தரையில் குந்திவிடுமாம்.
"இதுக்குச் சம்பள பாக்கி கிடையாது,
யூனியனும் கிடையாது" என்றார்.
சிரிக்கவில்லை.
கணவாய்க் காற்று ராத்திரி முழுக்க
அதை ஆட்டிப் பார்த்தது.

புதிய சேர்மன் ஆறு வருடத்தில் ஐந்தாமவர்.
முன்னவர் பிஸ்கட் கம்பெனியிலிருந்து வந்தார்,
அதற்கு முந்தியவர் மீன்வளத் துறையிலிருந்து.
இவர் திட்டத்தின் பெயர் 'புதுச் சிறகு'.
பஸ் செக்போஸ்டில் நின்றிருந்தபோது
போனில் அவர் உரையைக் கேட்டேன்.
ஒரு கோடு சரிந்து, சரிந்து,
இரண்டாம் காலாண்டில் திடீரென்று நிமிர்ந்தது.
போன மூன்று திட்டத்திலும் இதே கோடு.
கீழே வருடத்தை மட்டும் மாற்றியிருந்தார்கள்.
எதிர்க்காற்றில்தான் விமானம் ஏறும் என்றார்.
சரிதான் ஐயா.
எஞ்சின் இருந்தால்.

ஏழின் எஞ்சின் வெளிநாட்டில்
பழுது பார்த்து, துடைத்து, பெட்டிகட்டி
பதினான்கு மாதமாக பில்லுக்குக் காத்திருக்கிறது.
'புதுச் சிறகு' என்று பெயர் வைத்தவர்களுக்குக் கொடுத்த தொகை
அந்த பில்லைவிடப் பெரியது.
இரண்டு வவுச்சரையும் நான் பார்த்திருக்கிறேன்.
அதைக் கேள்வியாக எழுதி அனுப்பினேன்.
'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று வந்தது.
கூடவே, வேலந்தாவளத்தில் எப்போதும் வருகிற
'கேரளம் உங்களை வரவேற்கிறது'.

யார் படித்தார்கள், யார் பயந்தார்கள், தெரியாது.
ஐப்பசியில் பில் கட்டினார்கள்.
கொச்சியில் இறங்கிய பெட்டி லாரியில் ஏறி
வாளையாறு வரை ஒழுங்காக வந்து
அங்கே நின்றது.
பெறுநர் கையெழுத்து இல்லையாம்.
இரவு பதினொன்றுக்கு சாத்துண்ணி கூப்பிட்டார்.
பச்சை நோட்டோடு ஆட்டோவில் போனேன்,
வாடகை நானூற்று அறுபது,
இன்னும் பாஸ் ஆகவில்லை.

மழைத் தூறலில் தார்ப்பாய்க்குள்
ஒரு வீட்டின் அளவுக்கு நின்றிருந்தது.
"என்ன இது, டர்பைனா?"
சோதனைச் சாவடிக்காரர் டார்ச் அடித்தார்.
அவருடைய மூன்று கேள்விக்கும்
நோட்டில் பதில் இருந்தது.
அந்தக் கம்பெனியில்
எங்காவது பதில் இருந்தது
எனக்கே ஆச்சரியம்.

ஏழு பறந்தது.
சாத்துண்ணி கைதட்டாமல்
காதைக் கூர்ந்து நின்றார்,
சத்தம் மறையும்வரை.

கழற்றிய கான்கிரீட்டை
அடுத்த வியாழன்
மூன்றாம் நம்பரில் தொங்கவிட்டோம்.
அதற்கும் ஒரு வரி எழுதினேன்:
ஏழிலிருந்து மூன்றுக்கு, நல்ல நிலையில்.

ராவுத்தர் இன்றைக்கும் கேட்டார்.
"ஒண்ணு எந்திரிச்சிருச்சு" என்றேன்.
"மத்தது?"
தராசைப் பார்த்தேன்.
முள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.
அவர் கடன் நோட்டைப் புரட்டி
புதுப் பக்கத்தில் என் பெயரை எழுதினார்.