எண்ட் கேப்

ஒண்ணேகால் இஞ்ச் குழாய் பத்து, எல்போ எட்டு, டீ ஆறு.
"மோட்டார் லைனா?" என்றார்
கொருக்குப்பேட்டை கடைக்காரர்.
கூரை என்றேன்.
சிரிக்காமல்
சொல்யூஷன் டப்பா ஒன்றைச் சேர்த்து வைத்தார்.

மொட்டைமாடியில் ஆக்சா பிளேடால் அறுக்க அறுக்க
டெல்பினின் நைட்டியெல்லாம் வெள்ளைத் தூள்.
ஒரு முனையை மிதித்துக்கொண்டு
"நேரா அறுய்யா" என்றாள்.
ஒரு கால் குட்டையாகிவிட்டது.
கைப்பிடிச் சுவரோடு கம்பியால் கட்டி
அடியில் இரண்டு செங்கல்.

மேலே, யார் வீட்டு மஞ்சள்நீராட்டு பேனரோ.
வாழ்த்தும் மாமன்மார்கள் வரிசையாக
தையல் மெஷினைக் குனிந்து பார்த்தார்கள்.

ஏழாம் ராத்திரி மழை.
ஓடினோம்.
மெஷின் நனையவில்லை,
மாமன்மார் தொப்பை போட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.
ஆனாலும் தரையெல்லாம் தண்ணீர்.
டார்ச் அடித்தால்
உச்சியில் ஒரு டீயின் வாய் திறந்தே கிடக்கிறது.
அது குடித்த மழை
குட்டைக் கால் வழியே
செங்கல் மேல் வடிகிறது.

"குழாய் அதோட வேலையத்தானே பாக்குது."
செங்கலை உருவிவிட்டு
அங்கே பேசினைச் செருகினாள்.

காலையில் எண்ட் கேப் வாங்கி வருகிறேன் என்றேன்.

"மெட்ரோ லாரி வந்து அஞ்சு நாளாச்சு.
அது வரட்டும்,
அப்புறம் மூடலாம்."